தாளில் தேறிய வண்டி

தாம்பரம் சானடோரியம் என்ற பெயரை மின்ரயில் நிலையப் பலகையில் நாள்தோறும் பார்க்கிறவர்களில் பலருக்கு அப்பெயர் எதனால் வந்தது என்ற நினைவு இருப்பதில்லை. 1928இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்கு ஓர் இல்லம் அமைத்தார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் இதே போன்றதோர் இல்லத்தை நடத்தியவர் அவர். கணிதமேதை ராமானுஜன் முதல் உலகப்போர்க் காலத்தில் அவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்தார். அக்காலத்தில் காசநோய்க்கு மருந்தென்று ஒன்றும் கிடையாது. திறந்த வெளி, மரநிழல், நல்ல காற்று, ஓய்வு; இவைதாம் மருந்து. நகரத்துக்கு வெகு தெற்கே ஒரு குன்றின் அடிவாரத்தைத் தேடி அவர் வந்ததற்கு வேறு காரணம் இருந்திருக்க முடியாது. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனைதான்.

அந்த வாசலைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் கடைசி ஓராண்டு, என் கணிப்பில், அந்த வண்டி வாலில் நஞ்சைக் கக்கிக்கொண்டுதான் போயிருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழிருக்கும் அறையில் செல்லுபடியாகும் புகைச் சான்றிதழ் ஒன்றும் பத்திரமாக இருந்தது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருந்தன என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

வண்டி 2004இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே முக்கியமில்லை. சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்கும்போது, முடிச்சூர் சாலையிலிருந்து கிழக்குத் தாம்பரம் போகும் மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் அதற்கு மூச்சிரைக்க ஆரம்பித்தது. மூன்றாம் கியரில் ஏறிய மேடு இரண்டாம் கியரைக் கேட்டது. சிக்னலில் நிற்கையில் அழுகிய முட்டையின் நாற்றம் லேசாக வரும். சாக்கடை என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். (நம் புறநகரில் எந்த நாற்றத்துக்கும் சாக்கடை ஒரு தயார்நிலை விளக்கம்.) அதே வாரத்தில் புகைச் சான்றிதழ் புதுப்பிக்கும் நாளும் வந்தது. ஒரு பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில் நிற்கும் வேனுக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் வண்டியின் எண்பலகையைப் படமெடுத்தார், சோதனைக் குழாயைச் சைலன்சர் முனையில் விரலளவு நுழைத்தார், மறு கையால் கைப்பேசியைப் பார்த்தார். கார்பன் மோனாக்சைடு 0.21 சதவீதம் என்று அச்சாகி வந்தது. என் வண்டி தயாரான காலத்து விதிப்படி, அதாவது பாரத் ஸ்டேஜ் 2, 3 வகைக் கார்களுக்கு, அனுமதி 0.5 சதவீதம், எரியாத ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம். நன்றாகவே தேறிவிட்டேன். மனம் குளிர்ந்துதான் வீடு திரும்பினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வண்டி மேலும் தளர்ந்தபோது காட்டிய முதல் பட்டறையில் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு கிடைத்தது. "கன்வெர்ட்டர் அடைச்சுக்கிச்சு சார். உள்ள தேன்கூடு மாதிரி ஒண்ணு இருக்கும், அதைத் தட்டி எடுத்துட்டு வெறும் கூட்டை மறுபடி வெல்டு வெச்சுடலாம். ஐந்நூறு ரூபாய். வண்டி பறக்கும்." புகைச் சோதனைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "அதை நான் பாத்துக்கறேன்" என்றார். நான் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டேன். தட்டி எடுத்த தேன்கூட்டை என்ன செய்வீர்கள் என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லாமல் வேறு பக்கம் திரும்பியதுதான் என்னை யோசிக்க வைத்தது.

அந்தப் பீங்கான் தேன்கூடு சாமானியமான பொருளன்று. அதன் நுண்ணிய கண்ணறைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய மூன்று உலோகங்கள் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கின்றன. மூன்றும் விலையுயர்ந்தவை, ரோடியம் 2021இல் தங்கத்தைப் பல மடங்கு தாண்டிய விலைக்குப் போனது. உலகெங்கும் இரவோடிரவாகக் கார்களுக்கடியில் படுத்து கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போகிறார்கள். நம் நாட்டிலும் சில வேன்களின் சைலன்சர்கள் களவு போனது இதற்காகத்தான். நான் ஐந்நூறு கொடுத்து அவரை எடுக்கச் சொன்ன குப்பைக்கு அவருக்கும் யாரோ பணம் கொடுப்பார்கள். அவரைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. கார்க்காரருக்கு மைலேஜ், பட்டறைக்காரருக்குப் பழைய உலோகம், சான்றிதழ் தருபவருக்குக் கட்டணம் என்று எல்லோரும் ஆதாயம் அடைகிற ஒரு பரிமாற்றத்தில் நஷ்டப்படுகிறவர் அங்கே இல்லவே இல்லை என்பதைச் சுட்டத்தான். நஷ்டப்படுகிறவர் சானடோரியம் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

நிற்க. இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; இலக்கிய வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதத்தை ஒட்டி எஞ்சின் இயங்கும்போது, வெளிவரும் வாயுக்கள் சூடேறிய தேன்கூட்டின் வழியே புகுந்து மாறுகின்றன. கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகிறது. எரியாத பெட்ரோல் ஆவி நீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகின்றன. நன்றாக வேலை செய்யும் கன்வெர்ட்டர் இம்மூன்று நஞ்சுகளிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போக்கிவிடும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் கணக்கு உறைக்கிறது. கன்வெர்ட்டர் செத்துப்போன ஒரு கார், அதே வகையைச் சேர்ந்த பத்து நல்ல கார்களுக்குச் சமம். அப்படியும் அது கரும்புகை விடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முன்னால் போகும் லாரியின் புகையைப் பார்த்து நாம் முகம் சுளிக்கையில் நம் பின்னால் வருகிறவருக்கு நம்மைப் பற்றிச் சுளிக்க எதுவும் தெரிவதில்லை.

இந்தக் கருவி நம் ஊருக்கு வந்த விதமும் நினைவில் வைக்கத் தக்கது. 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, அப்போதைய மெட்ராஸ் ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயம் கன்வெர்ட்டரைக் கொன்றுவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தது. நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். நம் நகரங்களின் குழந்தைகள் ஈயத்தைச் சுவாசிப்பது நின்றதற்கு, கருவி கெட்டுப்போகுமே என்ற கவலையும் ஒரு காரணம். வரலாற்றின் சில நன்மைகள் இப்படித்தான் பக்கவாட்டில் வருகின்றன.

முதல் பட்டறையை விட்டுவிட்டு, நண்பர் ஒருவர் சொன்ன வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறார்கள். பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு கார் ஆலையில் இளம் வயதில் தொழில் பழகியவர். ஹெரால்டு கார்களைத் தந்த அந்த ஆலை, 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டு, அது எடுபடாமல் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. அவரிடம் நான்கு வாயுக்களை அளக்கும் கருவி ஒன்று சொந்தமாக இருக்கிறது. எஞ்சினை நன்றாகச் சூடேற்றிவிட்டு, குழாயை முழுதாக உள்ளே தள்ளி, அளவு நிலைக்கும்வரை காத்திருந்தார். கார்பன் மோனாக்சைடு 2.6 சதவீதம். ஹைட்ரோகார்பன் 1,180. பெட்டியில் இருந்த சான்றிதழுக்கு அப்போது வயது இரண்டு மாதம்.

"கன்வெர்ட்டர் செத்திருக்கு. ஆனா அதைக் கொன்னது யாருன்னு பாக்கணும் சார்" என்றார் பாய். நான் இந்த விவகாரம் முழுவதிலும் கேட்ட மிகச் சிறந்த வாக்கியம் இதுதான். கன்வெர்ட்டர் தானாகச் சாவது அரிது. ஒரு சிலிண்டரில் பொறி சரியாக விழாவிட்டால் எரியாத பெட்ரோல் அப்படியே தேன்கூட்டுக்குள் போய் அங்கே எரிகிறது. பீங்கான் உருகி அடைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஆயிலைக் குடித்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் உலோகப் படலத்தின்மேல் படிந்து அதைச் செயலற்றதாக்குகிறது. காரணத்தைத் தீர்க்காமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் சில மாதங்களில் சாகும். என் வண்டியில் குற்றவாளிகள் இரண்டு பேர். ஒன்று, வெடித்து மின்சாரத்தைக் கசியவிட்ட ப்ளக் வயர்கள். மற்றொன்று ஆக்சிஜன் சென்சார். வெளியேறும் வாயுவில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை முகர்ந்து, பெட்ரோலைக் கூட்டு, குறை என்று எஞ்சினின் கணினிக்குச் சொல்லும் உறுப்பு. அதன் வயர் இணைப்பைக் கழற்றிக் காட்டினார். செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கேட்டார்.

நின்ற வண்டிதான். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூரில் எங்கள் தெருவில் இருக்கை மட்டத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வண்டியைக் காயவைத்து, ஆயில் மாற்றி, துர்நாற்றம் வீசிய இருக்கைத் துணிகளை எறிந்துவிட்டு, பிழைத்துக்கொண்டது என்று நம்பினோம். பத்தாண்டுகளாக அந்த ஈரம் ஒரு கம்பியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. சென்சார் பேசாமல் போனதும் கணினி பாதுகாப்புக்காகப் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றத் தொடங்கியது. மைலேஜ் குறைந்ததற்கு நான் இருபது சதவீத எத்தனால் கலந்த புதிய பெட்ரோலை ஊரெங்கும் திட்டிக்கொண்டிருந்தேன். எத்தனாலுக்கும் அதில் ஒரு பங்கு உண்டுதான். ஆனால் அந்த எரிபொருளுக்கேற்ப கலவையைத் திருத்த வேண்டிய சென்சாரே ஊமையாகிக் கிடந்தது.

2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் கன்வெர்ட்டரின் உடல்நிலையையே வண்டி கண்காணித்து, பழுதானால் முன்பலகையில் மஞ்சள் விளக்கேற்றிவிடும். அதற்கு முந்தைய என்னுடையதைப் போன்ற வண்டிகளில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஆகவே அவற்றுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை நடக்கும் புகைச் சோதனை ஒன்றே காவல். அந்தக் காவலின் இலட்சணத்தைத்தான் மேலே சொன்னேன். நான் தனியாக ஏமாந்துவிடவில்லை. டெல்லியின் காற்று மாசு பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025இல் அங்குள்ள சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வரம்பை மீறிய அளவுகள் பதிவாகியிருந்தும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தேர்ச்சிச் சான்று வழங்கப்பட்டதாக அது சொல்கிறது. அங்கே பொய்யளவு எழுதக்கூட யாரும் சிரமப்படவில்லை. சான்று இல்லாமல் ஓட்டினால் 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை போகலாம். அபராதம் சான்றிதழ் இல்லாததற்குத்தான். நஞ்சு விட்டதற்கு அபராதம் கட்டிய ஒரு கார்க்காரரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அரசு வேறொரு வழியில் பழைய வண்டிகளைத் துரத்துகிறது, வயதை வைத்து. 2019இல் என் வண்டியின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 600 ரூபாய். 2022 முதல் அது 5,000 ஆயிற்று. 2024இல் அதைக் கட்டினேன். இருபது ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. 2024இல் ஆய்வாளர் என் வண்டியின் சேசிஸ் எண்ணைத் தேய்த்தெடுத்தார், விளக்குகளைப் போட்டுப் பார்த்தார், சான்றிதழின் தேதியைப் பார்த்தார். சைலன்சர் பக்கம் அவர் போகவில்லை. டெல்லியில் நடப்பதும் இந்தக் குழப்பம்தான். 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள்மீது வயதை மட்டும் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை கூடாது என்று உச்சநீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொன்னது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பாரத் ஸ்டேஜ் 4 முதலான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. வயது, தரநிலை என்று எல்லாவற்றையும் பார்க்கிறோம். அந்தக் குறிப்பிட்ட வண்டி இன்று காலை என்ன விட்டது என்பதைத் தவிர. ஒழுங்காகப் பராமரித்த இருபது வயதுக் காரும், தேன்கூட்டைப் பிடுங்கிவிட்ட எட்டு வயதுக் காரும் அடுத்தடுத்து நின்றால் நம் விதிகள் தண்டிப்பது முன்னதைத்தான்.

கலிபோர்னியாவில் எண்பதுகளிலிருந்து நடக்கும் சோதனையில் கருவியின் அளவோடு நிறுத்துவதில்லை. வண்டிக்கடியில் குனிந்து கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கண்ணாலும் பார்க்கிறார்கள். தேறாத வண்டி குறைந்த வருமானக்காரருடையதானால் பழுதுபார்க்க அரசே உதவித்தொகை தருகிறது. இலங்கையில் 2008 முதல் ஆண்டு வருவாய் உரிமம் பெறுவதற்கே புகைச் சோதனை முன்நிபந்தனை. அவற்றிலும் ஓட்டைகள் இருக்கும். ஆனால் என்னிடம் ஐந்தாயிரம் வாங்கிக்கொள்கிற அலுவலகம் அதில் ஓர் ஐந்நூறைச் செலவிட்டு, எஞ்சினைச் சூடேற்றி, குழாயை உள்ளே தள்ளி, ஒரு கண்ணாடியைச் சைலன்சருக்கடியில் பிடித்துப் பார்க்கலாம். இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. பாய் போதும்.

என் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது சிரித்தார். பெருங்குடிக் குப்பைமேடு 2022இல் நாட்கணக்கில் எரிந்தபோது எத்தனை நஞ்சு வந்திருக்கும், ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும் டீசல் லாரிகள் எத்தனை, உன் ஒற்றைக் கார் என்ன செய்துவிடும் என்றார். அந்த வாதத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. குப்பைமேட்டை நான் அணைக்க முடியாது என்பது மெய். ஆனால் இந்த வாதம் எனக்கு எப்போதெல்லாம் இனிக்கிறது என்று பார்த்தால், முப்பதாயிரம் ரூபாய் செலவு முன்னால் நிற்கும்போது மட்டும்தான். பழைய வண்டியை வைத்துக்கொள்வது சிக்கனம் என்றும், நுகர்வு மோகத்துக்கு எதிரானது என்றும் நான் பலரிடம் பெருமையாகப் பேசியிருக்கிறேன். புதிய கார் ஒன்றைச் செய்யச் செலவாகும் இரும்பையும் ஆற்றலையும் மிச்சப்படுத்துகிறேன் என்ற வாதம் சரியானதே. அந்தச் சிக்கனத்தின் பாக்கியை வேறொருவரின் நுரையீரல் கட்டாதவரை.

வயர்களையும் சென்சாரையும் மாற்றி, அடைத்த கன்வெர்ட்டரைக் கழற்றி, அதன் இடத்தில் தற்காலிகமாக ஒரு குழாயை வைத்துப் பாய் மீண்டும் அளந்தார். கார்பன் மோனாக்சைடு 0.6, ஹைட்ரோகார்பன் 210. கன்வெர்ட்டரே இல்லாமல் வரம்புக்கு மயிரிழையில் நின்றது. "இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டா இப்படியே டெஸ்ட்ல பாஸ் ஆயிடும் சார். மாத்தணுமான்னு நீங்களே சொல்லுங்க" என்றார். நேர்மையாகத்தான் சொன்னார். நைட்ரஜன் ஆக்சைடுகளை நம் சோதனை அளப்பதே இல்லை. வண்டி மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் என்ன விடுகிறது என்பதும் அதற்குத் தெரியாது. விற்றால் அறுபதாயிரம் தேறாத வண்டிக்கு, கன்வெர்ட்டருக்கு மட்டும் இருபத்திரண்டாயிரம். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் யோசித்துவிட்டு மாற்றச் சொன்னேன். அந்த யோசனை நேரத்தில் எனக்குள் நடந்தது உயர்ந்த விஷயம் ஒன்றுமில்லை. முதலில் ஐந்நூறு ரூபாய்க்குச் சம்மதிக்கப் போன வெட்கம்தான் பெரும்பகுதி.

சான்றிதழ் காலாவதியானதும் அதே வேனுக்குப் போனேன். அதே இளைஞர். இம்முறை எஞ்சின் சூடாக இருக்கிறது, குழாயை முழுதாக உள்ளே தள்ளுங்கள் தம்பி என்றேன். கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து என்னைப் புரியாமல் பார்த்தார்.

"ஃபெயில் ஆயிடுச்சுன்னா என்ன சார் பண்றது?"

"ஃபெயில்னே போடுங்க."

அப்படி ஒன்றை இதுவரை அச்சடித்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டே குனிந்து குழாயைத் தள்ளினார். 0.05 என்று வந்தது.